வன்னியின் மிதவாத வாக்காளரும் தேர்தல் விதிகளும்: சில அவதானிப்புகள்

இலங்கைத் தமிழர் அரசியல் பற்றி இதுவரை வெளிவந்துள்ள ஆய்வுகளுட் பெரும்பாலானவை தலைவர்களையும் கட்சிகளையும் ஒப்பந்தங்களையும் தமது பொருளாகக் கொண்டவை. வாக்களிப்போர் அவற்றில் எண்ணிக்கையாக மட்டுமே இடம்பெறுவர். முற்போக்கு எழுத்துகளிலும் நிலைமை பெரிதும் வேறன்று. பாராளுமன்றம் முதலாளித்துவ ஆட்சியின் கருவிகளுள் ஒன்று என்ற சரியான கணிப்பிலிருந்து, வாக்களிக்கும் விதிகள் நுணுகி ஆராயத்தக்கவையல்ல என்ற தவறான முடிவுக்கு நாம் பலமுறை சென்றுள்ளோம். யார் வாக்காளர், அவர் எங்கு வாக்களிக்கலாம், அவரது வாக்கு எவ்வாறு ஆசனமாகிறது, தேர்தல் எப்போது நடைபெறும் என்னும் வினாக்களைச் சட்ட அறிஞருக்கும் தேர்தல் அலுவலருக்கும் உரியவையென விட்டுவிட்டோம்.

இவ்வினாக்களையே தமது அரசியலின் மையமாகக் கொண்ட ஒருவர் உளர். வன்னியின் மிதவாத வாக்காளரே அவர். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் அண்மைக்கால வரலாற்றை நோக்குமிடத்து, யாருக்கு வாக்களிப்பது என்ற வினாவிலும் பார்க்க, வாக்களிக்க முடியுமா, அளித்த வாக்குக்குப் பெறுமதி உண்டா என்ற வினாக்களே அவரை நெடுங்காலம் வருத்தியுள்ளன என்பது புலனாகும். அவரது நிலைப்பாட்டை விளங்கிக்கொள்வதும், அதில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது யாது என வினவுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இங்கு நாம் பேசும் வாக்காளர் குறிப்பிட்ட ஒரு தனிமனிதரல்லர். இலக்கிய விமரிசனத்தில் நாம் பயன்படுத்தும் 'வகைமாதிரி' என்ற கருத்து இவ்விடத்தில் உதவக்கூடும். வகைமாதிரியான சூழலில் வகைமாதிரியான மாந்தரைக் காட்டுவதே யதார்த்தவாதத்தின் பண்பு என்ற கருத்தை, 1888 இல் மார்கிரட் ஹார்க்னெஸ் என்ற நாவலாசிரியைக்கு எழுதிய கடிதத்தில் ஏங்கல்ஸ் வெளிப்படுத்தினார். வகைமாதிரி என்பது சராசரி அன்று. சமூக உறவுகளின் முரண்பாடுகள் எந்த மாந்தரிடத்தே கூர்மையாக வெளிப்படுகின்றனவோ அவரே வகைமாதிரியாவார். அப்பொருளிலேயே வன்னியின் மிதவாத வாக்காளரை நாம் நோக்குகின்றோம்.

மிதவாதம்: சொல்லும் பொருளும்

'மிதவாதம்' என்ற சொல் எமது அரசியல் வழக்கில் இருவேறு பொருள்களை ஒருங்கே சுமந்து நிற்கிறது. முதலாவது, தலைமைகளின் மிதவாதம். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வாழ்ந்த சட்டத்தரணிகளும் நிலவுடைமையாளரும் உயர் உத்தியோகத்தரும் ஆட்சியாளருடன் நடத்திய பேரங்களின் மிதவாதம் அது. அதன் வர்க்க உள்ளடக்கம் பற்றி முற்போக்கு விமரிசகர் ஏற்கெனவே பலவாறு எழுதியுள்ளனர். மற்றையது, வாக்காளரின் மிதவாதம். இது பற்றி எழுதப்பட்டது மிகச் சொற்பம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு, தலைமைகள் மீதான தீர்ப்பை வாக்காளர் மீதும் சுமத்துவது எமது வழமையாக இருந்து வந்துள்ளது.

வாக்காளரின் மிதவாதத்திற்கு அவரது வாழ்க்கை முறையிலே வேருண்டு. வன்னி குளங்களை நம்பிய நாடு. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு ஆகிய பெருங்குளங்களின் கீழும், நூற்றுக்கணக்கான சிறு குளங்களின் கீழும், மானாவாரியாகவும் நெல் விளைவிக்கப்படுகிறது. குடியேற்றத் திட்டங்களின் வழியாகக் காணி பெற்ற விவசாயிகளுட் கணிசமானோர் வைத்திருப்பது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரமேயன்றி உறுதியன்று. சிறுபோகத்திற்கு எத்தனை ஏக்கருக்கு நீர் விடுவதென்பது அரச அதிகாரிகள் முன்னிலையில் நடைபெறும் கூட்டத்திலே தீர்மானிக்கப்படுகிறது. உரமானியம், நெற்கொள்வனவு, வனத்திணைக்களத்தின் எல்லைக்கல், பாடசாலைக்கு ஆசிரியர், கிராமத்திற்குப் பேருந்து ஆகிய யாவற்றிலும் அவர் அரசைச் சந்திக்கின்றார். யாழ்ப்பாணக் குடாநாட்டின் தோட்டச் செய்கையாளர் தமது கிணற்றையும் தமது உறுதிக்காணியையும் கொண்டு ஓரளவுக்கேனும் அரசுக்கு வெளியே பிழைக்கலாம். வன்னி விவசாயிக்கு அவ்வாறு பிழைப்பது அரிது.

ஆகவே அரசின்மீது அவருக்குப் பற்று இல்லாதிருக்கலாம். அதனைப் புறக்கணிக்க அவரால் முடியாது. தமது பிரதிநிதி எதிர்க்கட்சியில் அமர்ந்து பேசும் பேச்சிலும் பார்க்க, பிரதேச செயலகத்தின் கதவைத் தட்டக்கூடியவராக இருப்பதை அவர் விரும்புவது இதனாலேயே. தமிழர் உரிமை பற்றிய உணர்வு அவரிடம் இல்லை என்பது இதன் பொருளன்று. 1977 இல் வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய மூன்று தொகுதிகளிலும் தமிழர் விடுதலைக் கூட்டணியை வெல்லச் செய்தவரும் அவரே. உரிமையும் வேண்டும், உழவும் நடக்கவேண்டும் என்ற இரட்டை நிர்ப்பந்தத்தில் பிறந்ததே அவரது மிதவாதம். இத்தகையவர் தேர்தல் விதிகளில் அக்கறை கொள்வது இயல்பே. விதி ஒழுங்காக இயங்கினால் மட்டுமே அவரது சிறிய பலம் பலமாக எண்ணப்படும்.

இடாப்பு: யார் வாக்காளர்?

அவரது முதலாவது கோரிக்கை, வாக்காளர் இடாப்பில் தமது பெயர் இருக்கவேண்டும் என்பது. கேட்பதற்கு எளிமையான இக்கோரிக்கையின் பின்னே நீண்ட வரலாறு உண்டு.

1931 இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் இலங்கை முழுவதற்கும் சர்வசன வாக்குரிமை வழங்கப்பட்டது. அதற்கு முன்னர் சொத்து, வருமானம், எழுத்தறிவு ஆகிய தகைமைகளால் சனத்தொகையில் ஏறத்தாழ 4 சதவீதத்தினரே வாக்காளராயிருந்தனர். சர்வசன வாக்குரிமையை அன்று உறுதியாகக் கோரியோர் ஏ. ஈ. குணசிங்காவின் தலைமையிலான தொழிலாளர் இயக்கத்தினரே. இலங்கைத் தேசிய காங்கிரசின் பிரமுகர்களும் சேர் பொன். இராமநாதனும் அதனை விரும்பவில்லை. மேட்டுக்குடியினரின் இன வேறுபாடு, பாமரருக்கு வாக்கு வேண்டாம் என்ற விடயத்தில் மறைந்துபோனமை மனங்கொள்ளத்தக்கது.

அடுத்த இரு தசாப்தங்களுக்குள் அவ்வுரிமை பறிக்கப்படவும் கூடும் என்பது நிரூபணமாயிற்று. 1947 இல் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரசின் 7 உறுப்பினர் தெரிவாகினர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை இடாப்பிலிருந்து நீக்கின. 1952 பொதுத் தேர்தலில் அவர்களது காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை. அன்று வவுனியாவின் உறுப்பினராகவும் அமைச்சராகவும் இருந்த சி. சுந்தரலிங்கம், இந்திய வம்சாவளியினரின் குடியுரிமை தொடர்பான மசோதாவை ஒட்டி 1948 இறுதியிலே பதவி துறந்தார். இடதுசாரிக் கட்சிகள் பாராளுமன்றத்தில் இச்சட்டங்களை எதிர்த்தன. ஆயினும் பறிக்கப்பட்ட வாக்குகள் பறிக்கப்பட்டவையே.

இவ்வரலாறு மலையகத்தோடு நின்றுவிடவில்லை. 1958, 1977 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்கும், எழுபதுகளில் தோட்டங்களில் நிலவிய பட்டினிக்கும் தப்பி வன்னிக்கு வந்த மலையகத் தமிழர் கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற கிராமங்களிலும், வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் காட்டோரங்களிலும் குடியேறினர். வயல்களில் கூலியுழைப்பைத் தந்த இவர்களுட் பலர் நெடுங்காலம் காணிக்கும் வாக்குக்கும் உரியோராகக் கணிக்கப்படவில்லை. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமே நாடற்றோர் பிரச்சினைக்குப் பெருமளவு முடிவு கண்டது. வன்னியின் வர்க்க அமைப்பில் அடித்தளத்தில் இருந்தோரே வாக்குரிமையிலும் கடைசியாக வந்து சேர்ந்தோர் என்பதை இங்கு அவதானிக்கலாம்.

குடியுரிமை உள்ளோருக்கும் இடாப்பு எளிதாக இருக்கவில்லை. 1980 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டம் வாக்காளர் பதிவை வழக்கமான வதிவிடத்தோடு பிணைத்தது. அமைதியான ஊருக்கு இது பொருத்தமான விதி. பத்து ஆண்டுகளில் பத்து இடங்களில் வாழ்ந்த மக்களுக்கு வழக்கமான வதிவிடம் எது? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்தில் ஒரு தலைமுறைக் காலத்தைக் கழித்தனர். அவர்கள் தற்காலிகமாக வேறிடத்தில் வசிக்கும்போதும் தமது சொந்த ஊரில் பதிவு பெறுவதற்கு 2017 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பதிவு இருந்தும் பயணம் பாதுகாப்பானதாக அமையவில்லை. 2019 நவம்பர் சனாதிபதித் தேர்தலன்று புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்றோரின் பேருந்துகள் தந்திரிமலைப் பகுதியில் தாக்கப்பட்டன.

2009 இல் போர் முடிவுற்றபோது கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் மக்களுட் பெரும்பாலோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டிருந்தனர். வாக்களிப்பதற்கு அடையாள அட்டை அவசியமென 2004 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம் விதித்திருந்தது. கள்ள வாக்கைத் தடுக்கும் நல்ல விதி அது. ஆனால் நந்திக்கடலோரத்தில் உடைமைகள் யாவற்றையும் இழந்து வந்தோருக்கு அவ்விதி மற்றுமொரு சோதனைச்சாவடியாயிற்று.

வதிவிட விதியின் அரசியலை நாம் பிரெஞ்சு வரலாற்றிலும் காணலாம். 1850 மே 31 இல் பிரெஞ்சுத் தேசிய சபை, மூன்று ஆண்டு தொடர்ச்சியான வதிவிடத்தை வாக்காளர் தகைமையாக்கியது. தொழில் தேடி இடம்பெயர்ந்த ஏறத்தாழ 30 இலட்சம் பேர், பெரும்பாலும் தொழிலாளர், ஒரே சட்டத்தால் இடாப்பிலிருந்து அகற்றப்பட்டனர். லூயி பொனபார்ட் பற்றிய நூலில் மார்க்ஸ் இச்சட்டத்தைத் தனியாக எடுத்து ஆராய்ந்தார் என்பதை, தேர்தல் விதிகளை அற்பமெனக் கருதும் எம்மவர் கவனிக்கவேண்டும். இடம்பெயர்வோருக்கு எதிராக வதிவிட விதி நடுநிலையானதன்று என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

பாதை: வாக்குச்சாவடிக்குச் செல்லுதல்

இடாப்பில் பெயர் இருப்பது முதற்படி மட்டுமே. வாக்குச்சாவடிக்குச் செல்லும் பாதை திறந்திருக்கவேண்டும் என்பது மிதவாத வாக்காளரின் இரண்டாவது கோரிக்கை. நான்கு ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரு சம்பவங்களை அருகருகே வைத்து நோக்கினால் இதன் முழுப்பொருளும் விளங்கும்.

2001 டிசம்பர் 5 இல் பொதுத் தேர்தல் நடைபெற்றது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் வாக்குச்சாவடி அமைக்க முடியாதென்பதால், அங்குள்ளோருக்காக அரச கட்டுப்பாட்டுப் பகுதியின் எல்லையருகே கொத்தணி வாக்களிப்பு நிலையங்கள் ஏற்பாடாயின. ஆனால் தேர்தலன்று இராணுவம் கடவைகளை மூடியது. வன்னியிலும் மட்டக்களப்பிலும் பெருந்தொகையான வாக்காளர் தமக்கென ஒதுக்கப்பட்ட பெட்டிகளை அடையமுடியாது திரும்பினர். இது தொடர்பாகத் தொடரப்பட்ட வழக்கில் அவர்களது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என உயர் நீதிமன்றம் 2003 இல் தீர்ப்பளித்தது. வாக்களித்தல் கருத்து வெளிப்பாட்டின் ஒரு வடிவம் என, ஒத்திவைக்கப்பட்ட மாகாண சபைத் தேர்தல்கள் பற்றிய 1999 ஆம் ஆண்டு வழக்கில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ வகுத்த கோட்பாடு இத்தீர்ப்பிற்கு அடிப்படையாயிற்று.

2005 நவம்பர் 17 இல் சனாதிபதித் தேர்தல் நடைபெற்றது. இம்முறை பாதையை மூடியது மறுபக்கம். புறக்கணிப்பு என அறிவிக்கப்பட்டது, விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் வாழ்ந்தோருக்குக் கட்டளையாகவே அமைந்தது. கிளிநொச்சி வாக்களிப்புப் பிரிவு முழுவதிலும் பதிவான வாக்கு ஒன்றே ஒன்று. கிளிநொச்சியை உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்களித்தோர் ஏறத்தாழ 1.2 சதவீதத்தினர். நாடளாவிய ரீதியில் வெற்றி தோல்வியைத் தீர்மானித்த வித்தியாசம் ஏறத்தாழ 180,000 வாக்குகளே. அத்தேர்தலின் விளைவு வேறாக இருந்திருந்தால் பின்வந்த போரின் போக்கும் மாறியிருக்குமா என்பதை உறுதியாகக் கூறுவதற்கில்லை. ஆயினும் அப்போரின் சுமையை ஏனையோரிலும் அதிகமாகத் தாங்க நேர்ந்த மக்களுக்கு அது பற்றி ஒரு வார்த்தை சொல்லும் வாய்ப்பு மறுக்கப்பட்டது என்பதை மறுக்கவியலாது.

இரு சம்பவங்களிலும் பாதிப்புற்றவர் ஒருவரே. வாக்கு என்பது நிலத்தைக் கட்டுப்படுத்துவோரின் உடைமை, அதனைத் திறப்பதும் பூட்டுவதும் அவர்தம் உபாயத்தைப் பொறுத்தது என்பதே இரு தரப்பினரும் நடைமுறையில் கொண்டிருந்த கருத்து. புறக்கணிப்பு ஓர் உரிமையாகும் என்பதில் எமக்கு ஐயமில்லை. 1931 இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் விடுத்த அழைப்பை ஏற்று, குடாநாட்டின் நான்கு ஆசனங்களுக்கு எவரும் போட்டியிடவில்லை. 1934 வரை அவை வெறுமையாகக் கிடந்தன. விவாதம் நடத்தி, எதிர்ப்பவர் எழுந்து பேசத்தக்க நிலையில் எடுக்கப்பட்ட தீர்மானத்துக்கும், மறுத்தால் நேரக்கூடியதை அஞ்சி வீட்டில் இருப்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது. வாக்களிக்காதிருக்கும் உரிமை வாக்களிக்கக்கூடியவருக்கு மட்டுமே உண்டு. மிதவாத வாக்காளர் இதனைக் கோட்பாடாகக் கூறமாட்டார். எவரும் எம்மைத் தடுக்கவும் வேண்டாம், இழுத்துச் செல்லவும் வேண்டாம் என்றே கூறுவார்.

கணக்கு: வாக்கு ஆசனமாதல்

வாக்குப் பெட்டியில் விழுந்தபின் அது எவ்வாறு எண்ணப்பட்டு ஆசனமாகிறது என்பது மூன்றாவது பிரச்சினை. இங்கு மிதவாத வாக்காளரிடம் ஒரு தடுமாற்றத்தை நாம் காண்கிறோம். அத்தடுமாற்றம் நியாயமானது.

சோல்பரி அரசியலமைப்பின் கீழ் 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்ற கணக்கோடு, 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம் என்ற கணக்கும் சேர்க்கப்பட்டது. பரந்து, சனச்செறிவு குறைந்து காணப்பட்ட வன்னி போன்ற பிரதேசங்களுக்கு இது வாய்ப்பாயிற்று. 1947 இல் வவுனியா ஒரு தொகுதி. 1960 இல் கிளிநொச்சியும் 1977 இல் முல்லைத்தீவும் தனித்தொகுதிகளாயின. ஒவ்வொரு தொகுதிக்கும் பெயர் தெரிந்த, வீடு தெரிந்த ஓர் உறுப்பினர் இருந்தார். முதிய வாக்காளர் பழைய முறையை நினைந்து பேசுவது இதனாலேயே.

ஆனால் அம்முறையின் மறுபக்கம் கொடியது. மலையகத் தமிழரின் வாக்கைப் பறித்த பின்னரும், ஆசனப் பங்கீட்டில் அவர்களது தலைகள் சனத்தொகையாக எண்ணப்பட்டன. அவ்வாறு கிடைத்த ஆசனங்கள் அங்கு வாக்குரிமை பெற்றிருந்த ஏனையோருக்குச் சென்றன. 1970 இல் ஐக்கிய முன்னணி பாதிக்குச் சற்றுக் குறைந்த வாக்குகளைக் கொண்டு 151 ஆசனங்களில் 116 ஐக் கைப்பற்றியது. அப்பெரும்பான்மையைக் கொண்டே 1972 அரசியலமைப்பு ஆக்கப்பட்டது. சிறுபான்மையினருக்குச் சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவு அளித்த காப்பு அதில் இடம்பெறவில்லை. அதனை வடிவமைத்தவர் லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்களுள் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா என்பதை இடதுசாரிகளாகிய நாம் மறைத்தல் ஆகாது. 1977 இல் ஐக்கிய தேசியக் கட்சி பாதியளவு வாக்குகளுக்கு 168 இல் 140 ஆசனங்களைப் பெற்றது. தொகுதி முறை தந்த மிகைப் பெரும்பான்மைகள் இரண்டும் தமிழ் வாக்காளரின் தலைமீதே இறங்கின.

1978 அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொணர்ந்தது. இன்றுள்ள வடிவில், 225 உறுப்பினர்களுள் 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்தும் 29 பேர் தேசியப் பட்டியலிலிருந்தும் வருவர். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று நிருவாக மாவட்டங்கள் சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டமாகும். 1984 இல் தனி நிருவாக மாவட்டமான கிளிநொச்சி, தேர்தலைப் பொறுத்தவரை யாழ்ப்பாணத்தோடு இணைந்துள்ளது. இப்பிணைப்பின் விளைவை இரணைமடு நீர் பற்றிய பிணக்கிலே காணலாம். இரணைமடுவிலிருந்து குடாநாட்டிற்குக் குடிநீர் கொண்டுசெல்லும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். குடாநாட்டினருக்கோ நன்னீர் உயிர்ப் பிரச்சினை. இரு தரப்பினரும் ஒரே வேட்பாளர் பட்டியலுக்கு வாக்களிப்பவர்கள். தொகையிற் குறைந்த கிளிநொச்சி விவசாயியின் குரல் அப்பட்டியலில் எவ்வளவு கேட்கும் என்பது ஐயத்திற்குரியது.

கணக்கிடும் முறையும் விளக்கத்தை வேண்டுவது. மாவட்டத்தில் முதலிடம் பெற்ற பட்டியலுக்கு ஒரு மேலதிக ஆசனம் முதலில் வழங்கப்படும். 5 சதவீதத்துக்குக் குறைவான வாக்குப் பெற்ற பட்டியல்கள் நீக்கப்படும். 1978 இல் இவ்வெல்லை 12.5 சதவீதமாயிருந்து 1988 இல் குறைக்கப்பட்டது. எஞ்சிய வாக்குகள் எஞ்சிய ஆசனங்களால் வகுக்கப்பட்டு, ஈவின்படியும் பின்னர் மிகப்பெரிய மீதியின்படியும் ஆசனங்கள் பகிரப்படும். 2024 பொதுத் தேர்தலில் வன்னியின் 6 ஆசனங்கள் ஐந்து பட்டியல்களுக்குப் பிரிந்தன. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வாக்குகளைப் பெற்ற தேசிய மக்கள் சக்தி மேலதிக ஆசனத்தோடு 2 ஆசனங்களைப் பெற, ஐக்கிய மக்கள் சக்தி, இலங்கைத் தமிழ் அரசுக் கட்சி, ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி, இலங்கைத் தொழிலாளர் கட்சி ஆகியவை ஒவ்வொன்று பெற்றன. நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட வாக்குகள் ஆசனம் எதனையும் பெறாத பட்டியல்களுக்குச் சென்றன. கட்சிகளும் குழுக்களும் பெருகப் பெருக, சிதறும் வாக்கின் விலையைக் கொடுப்பவர் வாக்காளரே.

இம்முறையில் வாக்காளர் ஒரு பட்டியலுக்கு வாக்களித்து, அதிலுள்ள மூவருக்கு விருப்பு வாக்கும் அளிக்கலாம். தலைமன்னாரிலிருந்து கொக்கிளாய் வரை பரந்த வன்னி மாவட்டத்தில் முகம் அறிமுகமாவதற்கு வாகனமும் சுவரொட்டியும் பணமும் வேண்டும். கூலிவிவசாயியோ மீனவப் பெண்ணோ பட்டியலில் இடம்பெற்றாலும் விருப்பு வாக்கில் முன்னேறுவது அரிது. ஒரே கட்சியின் வேட்பாளர் தமக்குள்ளே மோதிக்கொள்வதையும் இம்முறை ஊக்குவிக்கிறது. மேலும், குறைந்தபட்ச வாக்களிப்பு என்ற நிபந்தனை எதுவும் இல்லாமையால் விகிதாசார முறையும் விபரீதங்களுக்கு இடமளித்தது. 1994 இல் மக்களிற் பெரும்பாலோர் வாக்களிக்க இயலாதிருந்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில், 10,000 வாக்குகளுக்குச் சற்று அதிகமாகப் பெற்ற ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சியினர் 10 ஆசனங்களுள் 9 ஐப் பெற்றனர். அதே மாவட்டத்தின் ஆசனங்கள் 2010 இல் 9, 2015 இல் 7, 2024 இல் 6 எனக் குறைந்தன. இறந்தோரும் புலம்பெயர்ந்தோரும் இடாப்பிலிருந்து நீங்கியதன் கணக்கு அது. போரின் இழப்பு பிரதிநிதித்துவத்தின் இழப்பாகவும் பதியப்பட்டுள்ளது.

ஆகவே வன்னி வாக்காளர் அருகில் உள்ள உறுப்பினரையும் விரும்புகிறார்; வாக்கின் அளவுக்கு ஆசனம் என்ற நீதியையும் விரும்புகிறார். இரண்டையும் இணைக்கும் கலப்பு முறை ஜெர்மனியில் 1949 முதலும் நியூசிலாந்தில் 1996 முதலும் வழக்கில் உள்ளது. இலங்கையில் 2018 உள்ளூராட்சித் தேர்தல் 60 சதவீதம் வட்டாரம், 40 சதவீதம் பட்டியல் என்ற அடிப்படையில் நடைபெற்றது. பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு வந்தமை அதன் பெரும்பேறு. ஆனால் நாடு முழுவதிலும் உறுப்பினர் தொகை 4,486 இலிருந்து 8,000 க்கு மேல் உயர்ந்தது. பல சபைகளில் எவருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஜெர்மனியும் இவ்வகை மேலதிக ஆசனங்கள் பெருகியமையால் 2023 இல் தனது சட்டத்தைத் திருத்தவேண்டியதாயிற்று. கலப்பு முறையில் குறைகள் உண்டு. அவை திருத்தக்கூடிய குறைகள்.

காலம்: தேர்தல் எப்போது?

விதிகள் எவ்வளவு சிறந்தவையாயினும் தேர்தல் நடவாவிடில் அவற்றால் பயனில்லை. 1977 இல் பாராளுமன்றத்திற்கு வாக்களித்த வன்னி வாக்காளர் அடுத்த பொதுத் தேர்தலைக் கண்டது 1989 இல். 1982 ஆம் ஆண்டின் சர்வசன வாக்கெடுப்பு பாராளுமன்றத்தின் ஆயுளை நீடித்தது. 1983 இல் ஆறாவது திருத்தத்தை அடுத்து தமிழர் விடுதலைக் கூட்டணியினர் தமது ஆசனங்களை இழந்தனர். நாட்டின் தலைவிதி மாறிய அவ்வாண்டுகளில் தாம் தெரிவுசெய்த உறுப்பினர் அவையில் இன்றியே வன்னி வாழ்ந்தது.

மாகாண சபையின் கதையும் இதுவே. 1988 இல் வடக்கின் ஆசனங்கள் போட்டியின்றி நிரப்பப்பட்டன. மக்கள் உண்மையில் வாக்களித்தது 2013 செப்டம்பரில் ஒரே ஒரு முறை. மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்த அத்தேர்தலில் தெரிவான சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2017 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் பழைய முறையை நீக்கிப் புதிய கலப்பு முறையை விதித்தது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018 ஓகஸ்டில் ஆதரவாக ஒரு வாக்குமின்றி நிராகரித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் நடைமுறைக்கு வரவில்லை என்ற வெற்றிடத்தில் தேர்தல் தொலைந்தது. 2023 இல் நடைபெறவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் நிதியில்லை என்று நிறுத்தப்பட்டது. அது உரிமை மீறல் என உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்த்தபின், 2025 மே மாதத்தில் நடைபெற்றது. மாகாண சபைத் தேர்தல் அவ்வாண்டிலும் நடைபெறவில்லை. துப்பாக்கியின்றியும் வாக்குரிமையை நிறுத்திவைக்கலாம். விதியைத் திருத்தும் பணியை முடிக்காது விடுவதே போதுமானது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், வன்னியின் மிதவாத வாக்காளர் வேண்டுவன நான்கு: இடாப்பிலே பெயர், திறந்த பாதை, நேரிய கணக்கு, உரிய காலம். இவற்றில் எதுவும் புரட்சிகரமான கோரிக்கையன்று என எம்முட் சிலர் கூறுவர். 1838 இல் பிரித்தானியாவின் சாசன இயக்கத்தினர் முன்வைத்த ஆறு அம்சங்களையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம். வயதுவந்த ஆண்களுக்கெல்லாம் வாக்கு, இரகசிய வாக்களிப்பு, சமமான தொகுதிகள், ஆண்டுதோறும் தேர்தல் ஆகியன அவற்றுட் சில. அவையும் விதிகள் பற்றியவையே. அவற்றின் பின்னே திரண்டோர் பஞ்சாலைத் தொழிலாளர் என்பதால், அவ்விதிகள் ஆளும் வர்க்கத்தை நடுங்கச் செய்தன. ஒரு கோரிக்கை மிதமானதா தீவிரமானதா என்பதை அதன் சொற்கள் தீர்மானிப்பதில்லை. யாரிடமிருந்து அது மறுக்கப்பட்டு வந்தது என்பதே தீர்மானிக்கிறது.

வாக்கு மட்டும் அனுமதிப்பத்திரத்தை உறுதியாக்காது. படையினர் வசமுள்ள காணியை மீட்டுத்தராது. கூலிவிவசாயிக்கு வயலைப் பெற்றுத்தராது. இவற்றுக்கு ஒழுங்கமைந்த மக்கள் போராட்டம் வேண்டும். 2017 இல் கேப்பாப்பிலவு மக்கள் தமது காணிகளுக்காக வீதியோரத்தில் இரவும் பகலும் அமர்ந்து போராடி, அவற்றுள் ஒரு பகுதியை மீட்டனர் என்பது நாம் அறிந்ததே. ஆயினும் அவ்வாறு அமர்வோர் தம்மைப் பிரதிநிதித்துவம் செய்பவரைத் தாமே தெரிவுசெய்து, தவறின் நீக்கவும் வல்லராயிருப்பின், அப்போராட்டத்தின் பலம் கூடுமேயன்றிக் குறையாது. வாக்குரிமையையும் போராட்டத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றாகக் கருதியது எமது பிழை. வாக்குரிமையை மக்களுக்காகப் பயன்படுத்தியதாகக் கூறி, மிகைப் பெரும்பான்மையால் சிறுபான்மையோரின் காப்பை அகற்றியது எமது முன்னோருட் சிலரின் பிழை.

2005 இல் கிளிநொச்சியில் வாக்களித்த அந்த ஒருவர் யார், யாருக்கு வாக்களித்தார் என்பது எமது ஆய்வுக்குரியதன்று. இடாப்பிலே பெயரிருந்தும் வாக்களியாத ஏனையோரைப் பற்றியே நாம் சிந்திக்கவேண்டும். அவர்களது மௌனத்தைச் சம்மதமெனக் கொண்டோரும் எதிர்ப்பெனக் கொண்டோரும் அவர்களிடம் கேட்டதில்லை. கேட்பதற்கு மனிதர் கண்ட வழிகளுள் ஒன்று, குறைபாடுகள் பல உடையதாயினும், நேரிய தேர்தல். அதன் விதிகளைச் செப்பனிடும் பணியில் முற்போக்காளர் மிதவாத வாக்காளரோடு தோள்சேர்ந்து நிற்றல் வேண்டும் என்பது எமது முடிபு.